நிச்சயமின்மையின் சுமை யார் தலையில்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கிக் தொழிலாளர்கள் முதன்முறையாகச் சட்டத்தின் அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டார்கள் என்று ஆளும் தரப்பு அதைக் கொண்டாடியது. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 25 அன்றும் ஆண்டின் கடைசி நாளான 31 அன்றும், அதே தொழிலாளர்கள் பல நகரங்களில் செயலிகளை அணைத்துவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்டர்கள் குவியும் நாட்கள் அவை. கூடுதலாக நாலு காசு பார்க்கக்கூடிய நாட்களையே விட்டுக்கொடுத்து, குறைந்துகொண்டே போகும் கட்டணம், பத்து நிமிட விநியோகம் என்ற ஆபத்தான நெருக்குதல், காரணம் சொல்லாமல் ஐடியை முடக்குவது, சமூகப் பாதுகாப்பின்மை ஆகியவற்றுக்கு எதிராக அவர்கள் குரல் எழுப்பினார்கள்.

அந்தக் கோரிக்கைகள் அனைத்தின் அடியிலும் ஒரே கேள்விதான் இருக்கிறது. நாளைக்கு வேலை உண்டா, உண்டென்றால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாமல் ஒரு குடும்பம் எப்படி வாழ்வது? இந்தக் கேள்வி செயலித் தொழிலாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர், பதினொரு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்யும் மருத்துவமனை ஊழியர், பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பவர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் வேலையின்றி நிற்கும் திரைப்படத் தொழிலாளி, காலையில் நாற்சந்தியில் நிற்கும் கட்டடத் தொழிலாளி என்று கோடிக்கணக்கானோரின் கேள்வி அது.

நிதி ஆயோக் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21 இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாக மதிப்பிட்டது. 2029-30 இல் இது 2.35 கோடியாக உயரும் என்றும் அது கணித்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் இணையதளத்தில் பதிவு செய்தவர்கள் 30 கோடிக்கும் அதிகம். இந்திய உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு நிரந்தர வேலை என்பது ஒருபோதும் கிட்டியதில்லை. இப்போது நடப்பது வேறொன்று. நிரந்தர வேலை இருந்த துறைகளிலும் அது அரிக்கப்படுகிறது. படித்து முடித்து வெளியே வரும் தலைமுறைக்கு, நிச்சயமின்மையே வேலையின் இயல்பு என்று பாடம் நடத்தப்படுகிறது.

யாருடைய ஆபத்து, யார் சுமப்பது?

வியாபாரம் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும். மழை பெய்தால் ஒரு நாள் கூட்டம் குறையும், பண்டிகை வந்தால் கூடும், சந்தை சரிந்தால் மாதக்கணக்கில் மந்தம் நீடிக்கும். இந்த ஆபத்தை ஏற்பதற்கான கூலிதான் லாபம் என்று முதலாளித்துவப் பொருளாதார நூல்களே எழுதிவைத்திருக்கின்றன. மாதச் சம்பளம் பெறும் தொழிலாளியை வைத்திருக்கும் நிறுவனம், ஆர்டர் குறைந்த நாளிலும் அவருக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். ஒரு வேலைக்கு இவ்வளவு என்று தரும் நிறுவனத்துக்கு அந்தக் கவலை இல்லை. உணவகத்தின் வாசலில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரம் தொழிலாளியுடையது. வண்டி, எரிபொருள், கைப்பேசி, பழுதுபார்ப்புச் செலவு எல்லாம் அவருடையவை. மந்தம் வந்தால் நட்டமும் அவருடையது. லாபம் மட்டும் நிறுவனத்துடன் தங்கிவிடுகிறது.

நேரக் கூலியைவிடச் செய்பொருள் கூலி, உழைப்பைத் தொழிலாளியே தன்மீது சவுக்கெடுத்து விரைவுபடுத்திக்கொள்ள வைக்கிறது என்பதை 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். அதே நூலில், மூலதனத்தின் சேமப் பட்டாளத்தில் ஒரு பகுதியாக, வேலையில் இருந்தும் மிக ஒழுங்கற்ற வேலையே கிடைப்பவர்களை அவர் சேர்த்தார். அன்று மேஸ்திரி எண்ணினார், இன்று செயலி எண்ணுகிறது. நட்சத்திர மதிப்பெண்ணும் ஊக்கத்தொகை இலக்கும் வந்திருக்கின்றன. அடிப்படை மாறவில்லை.

வேலை வழங்குவோர் அதிகாரத்தைக் கைவிட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2021 இல் குருகிராமில், செயலி வழியாக வீடுகளுக்குச் சென்று அழகுக்கலைப் பணி செய்யும் பெண்கள், கமிஷன் பிடித்தத்துக்கும் பணி விதிகளுக்கும் எதிராக நிறுவன அலுவலகத்தின் முன்னால் போராடினார்கள். அந்தப் பெண்களைச் சுயதொழில் செய்யும் 'கூட்டாளிகள்' என்று அழைத்துவந்த நிறுவனம், அவர்களுக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போனது. விலையை நிறுவனம் நிர்ணயிக்கிறது, விதியை நிறுவனம் எழுதுகிறது, தண்டனையையும் நிறுவனமே தருகிறது. பொறுப்பு என்று வரும்போது மட்டும் அவர் கூட்டாளியாகிவிடுகிறார்.

சமாளிப்பு என்னும் அறிவுரை

ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள், புதிய திறன்களைக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரே வாடிக்கையாளரை நம்பாதீர்கள் என்று இத்தகைய தொழிலாளர்களுக்கு அறிவுரைகள் குவிகின்றன. இவை தீய அறிவுரைகள் அல்ல. முடிந்தவர்கள் பின்பற்றத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த மாத வாடகைக்கே கடன் வாங்குபவர் ஆறு மாதச் செலவை எதிலிருந்து சேமிப்பார்?

உழைக்கும் மக்கள் உண்மையில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது கட்சி அணிகளுக்குத் தெரியும். ஒரே நாளில் இரண்டு, மூன்று செயலிகளில் மாறி மாறி ஓடுகிறார்கள். காய்ச்சலோடு வண்டி ஓட்டுகிறார்கள். மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கி கைவிரிக்க, கைப்பேசிக் கடன் செயலிகளிடமும் கந்துவட்டிக்காரர்களிடமும் சிக்குகிறார்கள். மருத்துவம் தள்ளிப்போகிறது. மகளின் கல்லூரிச் சேர்க்கை அடுத்த ஆண்டுக்குப் போகிறது. இதைத் திறமையான சமாளிப்பு என்று புகழ்வது, நிறுவனம் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையைக் குடும்பம் தன் உடலாலும் எதிர்காலத்தாலும் கட்டுவதை மறைப்பதாகும்.

எழுத்து, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஒளிப்பதிவு போன்ற துறைகளில் சுயாதீனமாகப் பணியாற்றுபவர்களின் நிலை இன்னொரு வகை. வேலை முடிந்தாலும் பணம் எப்போது வரும் என்பது தெரியாது. மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் ஊதியம் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. அந்தப் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் கூறுகிறது. தனியாகப் பணியாற்றும் ஒருவரும் தம்மைக் குறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டு இதைக் கோரலாம். பலருக்கு இது தெரியாது, தெரியப்படுத்துவது பயனுள்ள பணி. ஆயினும் தன் உழைப்புக்கான பணத்தை உரிய நாளில் கேட்பதற்கு ஒரு தொழிலாளி தன்னை நிறுவனம் என்று அறிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அந்த அவலமே இன்றைய சட்ட நிலையை எடுத்துக்காட்டப் போதுமானது.

இதில் ஓர் உண்மையையும் மறுக்க வேண்டியதில்லை. நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் வசதிக்காக இத்தகைய வேலையை விரும்பி ஏற்பவர்கள் இருக்கிறார்கள். படித்துக்கொண்டே சம்பாதிக்கும் மாணவர், குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொண்டு சில மணி நேரம் மட்டும் உழைக்கக்கூடிய பெண், மேலாளரின் அவமதிப்பிலிருந்து விடுபட்டவர் என்று பலருக்கு அது பொருட்படுத்தத்தக்க சுதந்திரம். அவர்களிடம் போய், நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று உபதேசிக்கும் இயக்கம் அவர்களை வென்றெடுக்காது. சுதந்திரம் வேண்டுமென்றால் பாதுகாப்பைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் எதிர்க்க வேண்டும். அந்த நிபந்தனை இயற்கை விதியல்ல என்பதற்கு இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாறே சான்று.

துறைமுகமும் தலைச்சுமையும் கற்பித்தவை

கப்பல் எப்போது வரும், எத்தனை வரும் என்பதை எந்தத் தொழிற்சங்கத்தாலும் தீர்மானிக்க முடியாது. துறைமுக வாயிலில் காலையில் கூடும் தொழிலாளர்களில் யாருக்கு அன்று வேலை என்பதை ஒரு காலத்தில் இடைத்தரகர்கள் முடிவு செய்தார்கள். கையூட்டும் தயவும் இல்லாதவர் வெறுங்கையுடன் வீடு திரும்பினார். போராட்டங்களின் விளைவாக 1948 இல் துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தல் சட்டம் வந்தது. அதன் கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களில் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். வேலை சுழற்சி முறையில் பகிரப்பட்டது. வேலைக்கு வந்து, வேலை இல்லாமல் போன நாளுக்கும் வருகைப்படி கிடைத்தது. கப்பல் வருவது முன்போலவே ஒழுங்கற்றதாக இருந்தது. தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவது மட்டும் அதைச் சார்ந்திருக்கவில்லை.

பம்பாயின் சந்தைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை சுமந்தவர்களுக்கு ஒற்றை முதலாளி கிடையாது. காலையில் ஒரு வியாபாரிக்கும் மாலையில் இன்னொருவருக்கும் சுமப்பார்கள். இவர்களை எந்தச் சட்டத்தின் கீழும் கொண்டுவர முடியாது என்றே அன்றும் சொல்லப்பட்டது. அண்ணாசாகேப் பாட்டீல் போன்றோர் அவர்களை அணிதிரட்டினார்கள். 1969 இல் மகாராஷ்டிரத்தில் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. அரசு, உரிமையாளர், தொழிலாளர் என்று முத்தரப்பினரும் கொண்ட வாரியங்களில் தொழிலாளியும் பதிவு செய்தார், வேலை கொடுப்பவரும் பதிவு செய்தார். கூலியையும் அதற்கு மேல் ஒரு லெவியையும் வேலை கொடுப்பவர் வாரியத்தில் கட்டினார். அதிலிருந்து கூலியுடன் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விடுமுறை ஊதியம், மருத்துவ வசதி ஆகியவை தொழிலாளிக்குக் கிடைத்தன. கேரளத்தில் 1978 இல் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது.

இந்த வாரியங்களில் குறைகள் இருந்தன, இருக்கின்றன. கொள்கலன் முறையும் இயந்திரமயமும் துறைமுகத்தின் உழைப்பையே மாற்றிவிட்டன. ஆனால் அவை நிறுவிக்காட்டிய கோட்பாடு பழுதாகவில்லை. முதலாளி பலராக இருக்கலாம், வேலை விட்டுவிட்டு வரலாம், ஆயினும் ஊதியமும் பாதுகாப்பும் தொடர்ச்சியாக இருக்க முடியும். நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு அன்று சாதித்ததை, ஒவ்வொரு தொழிலாளியும் எந்த நிமிடத்தில் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று கணினியில் பதிவு செய்து வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்று முடியாது என்கின்றன.

சட்டத் தொகுப்புகள் தருவதும் எடுப்பதும்

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளியை அங்கீகரிப்பது உண்மை. எப்படி அங்கீகரிக்கிறது? மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று வரையறுக்கிறது. அந்த ஒரு வரியில், குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு, வேலைநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் வெளியே அவர் நிறுத்தப்படுகிறார். செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குத் தர வேண்டும், அதுவும் தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஏற்பாடு. 2025 டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகளோ, ஓராண்டில் ஒரு நிறுவனத்திடம் 90 நாட்களோ, பல நிறுவனங்களிடம் சேர்த்து 120 நாட்களோ வேலை செய்தவருக்கே பயன் என்று நிபந்தனை வைத்தன. விபத்தில் சிக்கும் நாள் எண்பதாவது நாளாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

குறித்த கால வேலையில் அமர்த்தப்படுபவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்பது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். நிரந்தரமாகத் தேவைப்படும் வேலையை நிரந்தரமாகவே தற்காலிகமாக வைத்திருக்க இது வழி திறக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்துவதற்கான வரம்பு 20 தொழிலாளர்களிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகியிருக்கிறது. ஒரு கையால் நல நிதியைக் காட்டி, மறு கையால் நிச்சயமின்மையைப் பெருக்குகிறது இந்தச் சட்டம்.

அரசே இதில் முன்னோடி என்பது இன்னும் வேதனை. பல்லாண்டுகள் பணிபுரிந்த பகுதிநேர ஊழியர்களை மத்திய நீர் ஆணையம் ஒரு நாளில் நீக்கியது தொடர்பான ஜக்கோ வழக்கில், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களை முறைப்படுத்த உத்தரவிட்டது. தற்காலிகம் என்ற முத்திரையை அரசு நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்துவதை அந்தத் தீர்ப்பு கண்டித்தது. இராணுவத்திலேயே நான்காண்டு ஒப்பந்தத்தை 2022 இல் அக்னிபத் என்ற பெயரில் புகுத்திய அரசு, தனியார் முதலாளிகளிடம் வேறெதை எதிர்பார்க்கும்?

மாநிலங்களின் முயற்சிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ராஜஸ்தான் 2023 இல் தனிச் சட்டம் கண்டது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு நல வாரியம் அமைந்தது. கர்நாடகத்தின் 2025 ஆம் ஆண்டுச் சட்டம், 14 நாள் முன்னறிவிப்பின்றித் தொழிலாளியை நீக்கக் கூடாது என்கிறது, தானியங்கி முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை விளக்கவும் நிறுவனங்களைக் கடமைப்படுத்துகிறது. இவை போராட்டத்தின் பலன்கள். ஆனால் நல உதவி என்ற எல்லையை இவை தாண்டவில்லை. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா என்ற கேள்வியை இந்தியாவில் எந்தச் சட்டமும் இன்னும் தொடவில்லை. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர் செயலியைத் திறந்து சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்திருக்கிறது.

கோரிக்கையும் கடமையும்

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். விலையையும் விதியையும் நிர்ணயிக்கும் நிறுவனமே முதலாளி, அதன் வேலையைச் செய்பவர் தொழிலாளி என்று சட்டம் கொள்ள வேண்டும். அப்படி இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்கட்டும். காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் வேண்டும். ஐடி முடக்கத்துக்கு எதிராக மனிதர் ஒருவர் விசாரித்து முடிவு சொல்லும் முறையீட்டு ஏற்பாடு வேண்டும். சுயாதீனப் பணியாளர்களுக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தமும், தவணை தவறினால் வட்டியும், அவர்கள் தொழிலாளர்கள் என்ற தகுதியிலேயே கிடைக்க வேண்டும். நாள் கணக்கு பார்க்காத மருத்துவ, விபத்து, முதுமைப் பாதுகாப்பு, வேலை மாறினாலும் மாநிலம் மாறினாலும் தொழிலாளியுடனேயே செல்ல வேண்டும். தொடர்ச்சியான தேவையுள்ள அரசுப் பணிகளில் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும்.

கோரிக்கைகளை எழுதுவது எளிது. அவற்றுக்குப் பின்னால் திரளை நிறுத்துவதே கடினம். ஆலை வாயிலையும் ஷிப்டு நேரத்தையும் மையமாகக் கொண்டு வளர்ந்த தொழிற்சங்கப் பழக்கம், வாயிலே இல்லாத தொழிலாளியிடம் தடுமாறுகிறது. ஆனால் அவர்களும் எங்கோ கூடத்தான் செய்கிறார்கள். உணவகங்களின் முன்னால், கிடங்கு வாசல்களில், தேநீர்க் கடைகளில், ரயில் நிலைய வண்டி நிறுத்தங்களில் அவர்களைக் காணலாம். வட்டாரத்தை அடிப்படையாகக் கொண்ட அமைப்பு இதற்குத் தேவை. ஓய்வெடுக்க ஓரிடம், விபத்து நேர்ந்த இரவில் மருத்துவமனைக்கு வரும் இருவர், நிலுவைப் பணத்துக்கு நோட்டீஸ் எழுதித் தரும் ஒரு வழக்கறிஞர், அவசரக் கைமாற்றுக்கு ஒரு சிறு நிதி என்று சங்கம் தொடங்கலாம். வருமானம் சீராக இல்லாதவரிடம் மாதச் சந்தாவைச் சீராகக் கேட்பது பொருந்தாது, வேலை கிடைக்கும் காலத்தில் செலுத்த வழி வேண்டும்.

கட்சிக் கிளைகளும் தங்களைப் பரிசீலிக்க வேண்டும். மாலை 7 மணிக்கு நடக்கும் கூட்டம், ஆர்டர் அதிகமாக வரும் நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பவரைத் தானாகவே விலக்கிவிடுகிறது. உறுப்பினர்களிலேயே எத்தனை பேர் குறுகிய கால வேலையில் இருக்கிறார்கள், இந்த மாதம் வேலையின்றி இருப்பவர் யார் என்பது கிளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் தொல்லையால் கூட்டத்துக்கு வராமல் இருக்கும் தோழரைச் செயலற்றவர் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது சுலபம். அவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பதுதான் அமைப்பு.

தனித்து நின்று சமாளிக்கும்வரை நிச்சயமின்மை ஒவ்வொருவருக்கும் தன் தலைவிதியாகவே தோன்றும். மூட்டை சுமந்தவர்களும் துறைமுக வாயிலில் நின்றவர்களும் ஒருநாள் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். சேர்ந்து நின்றபோது அது கணக்கு வழக்காக மாறியது: யார் எவ்வளவு எடுத்தார்கள், யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கைச் செயலி நிறுவனங்களிடமும், ஒப்பந்தத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் எல்லா முதலாளிகளிடமும், அவர்களுக்கு வழிகாட்டும் அரசிடமும் கேட்க வேண்டிய நேரம் இது. வட்டாரந்தோறும் அதற்கான பட்டியலைத் தயாரிக்கும் பணியைக் கட்சி அணிகள் தாமதமின்றித் தொடங்கட்டும்.